அக்காவுக்கு அளந்த தண்ணீர்

இந்தத் தண்ணீரைக் கொதிக்கவைத்து, ஆறுவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அதனால்தான் மூடியின் உட்புறம் வியர்த்திருக்கிறது. குடித்தால் சப்பென்று இருக்கும். ஆனால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. நல்ல தண்ணீர்தான்.

மரண விசாரணை அதிகாரியின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது என் மனதில் ஓடியது இதுதான். அக்காவை நினைத்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ஆனால் நான் பார்த்துக்கொண்டிருந்தது அவருடைய மேசையில் இருந்த கண்ணாடி ஜக்கை. தொழில் பழக்கம்.

அவர் பெயர் றிஸ்வி. கண்டிக்காரர், வயதானவர், எதற்கும் அவசரப்படாதவர். ஒருவர் வீட்டில் திடீரென்று இறந்துபோனால் உறவினரிடம் சில கேள்விகள் கேட்டு, காரணத்தைப் பதிந்து, உடலைக் கொடுத்தனுப்புவது அவர் வேலை. வெளியே மர வாங்கில் அக்காவின் கணவரான என் அத்தானும் அவர்களுடைய மகள் அஷ்வினியும் உட்கார்ந்திருந்தார்கள். நாளைக்கு அடக்கம் என்று வத்தேகம கோயிலில் சொல்லியாகிவிட்டது. குழி வெட்டத் தொடங்கியிருப்பார்கள்.

"இன்னும் ஒரு கேள்விதான் ஈக்கி தங்கச்சி," என்றார். "கடைசியா அவங்க என்ன குடிச்சாங்க?"

"தெம்பிலி," என்றேன்.

அவர் தலையாட்டினார். நோயாளி இருக்கும் வீட்டில் செவ்விளநீர் குடிப்பது ஒருவருக்கும் ஆச்சரியமான விடயமல்ல. அத்தோடு நான் எழுந்து வெளியே வந்திருக்கலாம். எழவில்லை. மிச்சத்தையும் சொன்னேன். அவரிடம் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். சொல்லாமல் விட்டவையும் இதில் கொஞ்சம் இருக்கும். அவை அவருக்குத் தேவைப்படாதவை.

நான் தெல்தெனியப் பக்கம் தண்ணீரைப் போத்தலில் அடைக்கும் ஒரு சிறிய கொம்பனியில் தரம் பார்க்கிறவள். மலையிலிருந்து வரும் தண்ணீரில் என்னென்ன கரைந்திருக்கிறது என்று பார்ப்பேன். கல்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம். சுத்தமான தண்ணீர் என்றால் ஒன்றுமே இல்லாத தண்ணீர் என்று ஆட்கள் நினைக்கிறார்கள். அப்படி ஒரு தண்ணீரைக் கொடுத்தால் இரண்டாம் முறை யாரும் கேட்க மாட்டார்கள். செத்த ருசி. அதனால் எல்லாவற்றையும் வடித்து எடுத்த பிறகு, எடுத்ததில் கொஞ்சத்தைத் திரும்பச் சேர்ப்போம். எவ்வளவு சேர்ப்பது என்பதுதான் என் வேலை. உடம்புக்குள்ளும் இதே வேலை நடக்கிறது. அங்கே அதைச் செய்வது சிறுநீரகம்.

கொம்பனி என்னைப் பள்ளிக்கூடங்களுக்கும் அனுப்பும். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதீர்கள், தாகம் என்பது உடம்பு பிந்திச் சொல்லும் செய்தி என்று பிள்ளைகளுக்குச் சொல்வேன். அவர்களுக்கு என்னைப் பிடிக்கும். வத்தேகமச் சந்தையில் காய்கறி வாங்கும்போது எங்கேயோ ஒரு மூலையிலிருந்து "தண்ணி மிஸ்" என்று ஒரு குரல் வரும்.

என் அக்கா மதலேனா. நாங்கள் நாவலப்பிட்டியில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர்கள். அம்மா இறந்தபோது நான் முதலாம் வகுப்பு. அக்கா பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு டவுனில் ஒரு துணிக்கடையில் நின்றாள். நின்றாள் என்றால் நின்றேதான். அந்தக் கடையில் வேலை செய்யும் பெண்களுக்குக் கதிரை கிடையாது. பத்து வருடம் நின்று என்னைப் படிக்கவைத்தாள். அத்தான் பெண்பார்க்க வந்தபோது, "தங்கச்சி எங்கூடத்தான் இருப்பா, அதுக்குச் சம்மதம்னா பேசுங்க," என்று அவளே கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாளாம். இதையெல்லாம் அக்கா எனக்கு ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. அதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.

சீனி வியாதி அவளுடைய இரண்டு சிறுநீரகங்களையும் மெதுவாகத் தின்றது. கடைசியில் வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், கண்டிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தப்படுத்த வேண்டியதாகிவிட்டது. அத்தான் வத்தேகமவில் ஒரு ஹாட்வெயார் கடையில் கிளார்க். லீவு கிடைக்காது. அதனால் நான் கொம்பனியில் சொல்லி அந்த இரண்டு நாளும் பாதி நேரம் மட்டும் வேலை செய்தேன். பஸ்ஸில் அவளை ஜன்னல் பக்கம் வைத்துக் கூட்டிப்போவேன்.

அங்கே ஸுலைஹா என்று ஒரு நர்ஸ். கை வேலை பார்க்கும், வாய் பகிடி விடும். முதல் நாளே அக்காவிடம் சொல்லிவிட்டாள்: "தெம்பிலி, வாழப்பழம், தோடம்பழம். இந்த மூணும் ஒங்களுக்கு ஹராம்னு வெச்சிக்கங்க."

"தண்ணி, மிஸ்?" என்றாள் அக்கா.

"அதுவும் அளந்துதான்."

"அப்ப எனக்கு நோன்புன்னு சொல்லுங்க. பெருநாளே வராத நோன்பு."

ஸுலைஹா சிரித்தாள். பக்கத்துக் கட்டிலில் ஊசியோடு படுத்திருந்தவரும் சிரித்தார். அக்கா போகிற இடமெல்லாம் அப்படித்தான்.

அளந்து கொடுப்பது என் பொறுப்பு. ஒரு நாளைக்குரிய தண்ணீரைக் காலையில் ஒரு போத்தலில் ஊற்றி வைப்பேன். மாத்திரைக்கு இவ்வளவு, சோற்றோடு இவ்வளவு, தேத்தண்ணீர் அரைக் கோப்பை. மற்ற நேரத்தில் ஐஸ் கட்டி ஒன்று வாயில் வைத்துக்கொள்ளலாம். உதட்டில் தேசிக்காய்த் துண்டு தேய்க்கலாம். அக்காவின் நாக்கு வெடித்து, பேசும்போது மேலண்ணத்தில் ஒட்டி ஒட்டி வரும். குழாயை நான் திறந்தால் அடுத்த அறையில் அவள் பேச்சு நின்றுவிடும். கேட்டுக்கொண்டிருப்பாள்.

"நீ ஸ்கூல் ஸ்கூலாப் போயி தண்ணி குடிங்க, தண்ணி குடிங்கங்கிற. வீட்டுல ஒருத்தி ஒரு மொடக்குக்குப் பிச்ச எடுக்கிறா. ஒன்னயப் புடிச்சி டீவியில போடணும்டி."

"போடட்டும்," என்பேன்.

"அந்தப் போத்தல நான் எட்டாத எடத்துல வெச்சிரு. இல்லாட்டி நானே களவெடுத்துருவேன்."

அலுமாரிக்கு மேல் வைத்தேன். அவள் கேட்டுக்கொண்டபடிதான்.

எங்கள் பக்கத்தில் நோயாளியைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு வர மாட்டார்கள். பிஸ்கட் கொண்டுவருவார்கள், ஹோர்லிக்ஸ் கொண்டுவருவார்கள், எல்லாவற்றுக்கும் மேலாகச் செவ்விளநீர்க் குலை கொண்டுவருவார்கள். இந்த நாட்டில் எல்லாரும் ஒற்றுமையாக நம்பும் விடயம் அது ஒன்றுதான். அது பொய்யுமல்ல. சுகமான உடம்புக்கு அதைப்போல நல்லது இல்லை. அதில் பொட்டாசியம் நிறைய. அக்காவைப் போன்றவர்களுக்கு அந்தப் பொட்டாசியம் வெளியே போக வழியில்லாமல் இரத்தத்தில் தேங்கி நிற்கும். தேங்கினால் இதயம் தாளம் தவறும். பிறகு நின்றுவிடும். பெரிய வலி இருக்காது. களைப்பு என்றுதான் நோயாளி நினைப்பார்.

வருகிறவர்களிடம் இதையெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. வாங்க வாங்க என்று குலையை வாங்கி, சமையலறையில் தொட்டிக்குக் கீழே வைப்பேன். அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிடுவேன். இரண்டு வருடம் இப்படி ஒரு துளிகூட அக்காவின் வாய்க்குப் போகாமல் பார்த்தேன். என்னைவிட ஒழுங்காக ஒரு நோயாளியைப் பார்த்தவர்கள் அந்த வார்ட்டுக்கு வந்ததில்லை என்று ஸுலைஹாவே சொல்லியிருக்கிறாள். அவளை நீங்கள் கேட்கலாம்.

சிறுநீரகம் மாற்றலாம் என்ற பேச்சு சென்ற வருடம் வந்தது. அத்தானின் இரத்தம் பொருந்தவில்லை. அஷ்வினி இன்னும் பள்ளிக்கூடப் பிள்ளை. என்னுடையது பொருந்தியது. நன்றாகவே பொருந்துகிறது என்று சொன்னபோது அத்தான் ஆஸ்பத்திரி நடையிலேயே அழுதுவிட்டார். "எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்," என்று என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

என்னை யாரும் கேட்கவில்லை. இதை ஒரு குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும்போது என் பெயர் வந்தது. தன் சகோதரிக்காகத் தன் உடலிலிருந்தே கொடுக்கும் ஷிரோமிக்காக. பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்கள் சுற்றி நின்று என் கன்னத்தைத் தொட்டார்கள்.

"ஒங்கக்கா பட்ட பாட்டுக்கு நீ செய்யிறதுதான் சரி புள்ள," என்றாள் ஒருத்தி.

"செய்யாட்டி இவ மனுசியா?" என்றாள் இன்னொருத்தி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

உண்மையில் ஒருவர் கேட்டார். அதையும் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கு நாள் குறிப்பதற்கு முன் கொடுக்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது வழக்கமாம். ஒரு யாழ்ப்பாணத்து டொக்டர், என் வயதுதான் இருக்கும். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"உங்களோட மட்டும் கதைக்கத்தான் கூப்பிட்டனான். விருப்பமில்லையெண்டா இப்பவே சொல்லுங்கோ. பொருந்தேல்லையெண்டு நாங்கள் வீட்டுக்காரரிட்டச் சொல்லுவம். ஒருத்தருக்கும் தெரியவராது. அக்காவுக்கு மெஷின் இருக்கு, வேற ஆரும் கிடைக்கும்வரைக்கும் பாத்துக்கொள்ளுவம்."

"விருப்பந்தான் டொக்டர்," என்றேன்.

"வடிவா யோசிச்சனீங்களோ?"

"யோசிச்சேன்."

அவள் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. வேறு விதமாகச் சொல்லியிருந்தால் அந்தப் பார்வை எப்படி மாறியிருக்கும் என்றும் எனக்குத் தெரியும். கொஞ்சம்தான் மாறியிருக்கும். நல்ல டொக்டர், காட்டிக்கொள்ளவே மாட்டாள். ஆனாலும் அந்தக் கொஞ்சத்தை நான் விரும்பவில்லை.

எனக்குப் பயம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தி, மயக்கம், தழும்பு ஒன்றுக்கும் நான் பயப்படுகிறவள் அல்ல. ஒன்று இருந்தாலே மனிதர் நெடுங்காலம் வாழலாம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. விருப்பமில்லை. அவ்வளவுதான். ஏன் என்று பலமுறை என்னையே கேட்டுப் பார்த்தேன். அக்காவின் சட்டையைப் போட்டு வளர்ந்தேன். அக்காவின் வீட்டில் அக்காவின் அறைக்கு அடுத்த அறையில் படுக்கிறேன். நான் படித்த படிப்பு அவளுடைய கால்வலி. வீட்டுக்கு வருகிறவர்கள் என்னைப் பார்த்துவிட்டு அவளைத்தான் பாராட்டுவார்கள், எப்படி வளர்த்திருக்கிறாய் என்று. பின்பக்கத்துப் பீலியில் குளிக்கும்போது இடுப்புக்கு மேலே இடப்பக்கம் கையை வைத்துப் பார்ப்பேன். அங்கேதான் எடுப்பார்கள். தோலுக்கு மேலே ஒன்றும் தெரியாது. யாரும் எனக்குத் தராத ஒன்று அங்கே இருக்கிறது என்று மட்டும் தோன்றும். அவள் நின்று சம்பாதிக்காத ஒன்று. இது பெரிய காரணம் அல்ல. பெரிய காரணம் இருந்தால் வெளியே சொல்லியிருப்பேன். சொல்லும் அளவுக்குப் பெரிதாக இல்லாததுதான் கஷ்டம்.

பெரஹெரத் திருவிழா முடிந்த பிறகு, டவுனில் சனம் குறைந்ததும் செய்யலாம் என்று நாள் குறித்தார்கள். அஷ்வினி கலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிப் பூ வரைந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை கோயில் பெண்கள் இரண்டு பேர் பெரிய குலையாகச் செவ்விளநீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். அக்கா வழக்கம்போலக் கதிரையில் இருந்தபடியே கை நீட்டினாள். "கொண்டாடி, குடிக்க வேணாம். மணந்தாவது பாக்குறேன்."

வெட்டிக் கொடுத்தேன். குடித்தாள். சனிக்கிழமையும் குடித்தாள், ஞாயிற்றுக்கிழமையும் குடித்தாள். ஞாயிறு பின்னேரம் இறந்தாள்.

றிஸ்வி ஐயாவிடம் இந்த இடம்வரை சொன்னபோது அவர் பேனையை வைத்துவிட்டார்.

"தாகத்துல கேட்டா யாருக்குத்தான் மனசு கேக்கும்," என்றார். "ஏன்ட உம்மாவுக்கும் கடைசிக் காலத்துல தண்ணி ஏலாதுன்டுதான் டொக்டர் சென்னார். நாங்க குடுத்தோம். எங்களால பாத்துக்கிட்டிருக்க ஏலல்ல. நீங்க அதப் போட்டு யோசிக்கத் தேவையில்ல தங்கச்சி."

நல்ல மனிதர். அதனால் அவருக்குச் சரியாக விளங்கப்படுத்த வேண்டும் என்று நினைத்தேன்.

அக்கா அப்படிக் குடிக்கிற ஆள் அல்ல. பகிடிக்குக் கை நீட்டுவாள், கொடுத்தால் வாங்க மாட்டாள். இரண்டு வருடமாகக் கட்டுப்பாட்டில் என்னைவிடக் கெட்டியாக இருந்தவள் அவள்தான். வெள்ளிக்கிழமை நான் வெட்டிக் கொண்டுபோய் நீட்டியபோது சிரிப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"என்னாடி இது? வெளையாடுறியா?"

"டொக்டர் கோல் பண்ணினாங்கக்கா. ஒப்பரேசனுக்கு முந்தி ஒடம்புல உப்புச் சத்து ஏத்தணுமாம். இனிமே குடிக்கலாமாம்."

பள்ளிக்கூடத்தில் பேசுவேனே, அதே குரலில்தான் வந்தது. திட்டம் போட்டு வந்ததல்ல. குலை அங்கே இருந்தது, கத்தி கையில் இருந்தது, வார்த்தை வாயில் இருந்தது.

"நெசமாவா?"

"நான் பொய் சொல்வேனா?"

அவள் இரண்டு கையாலும் வாங்கினாள். முதல் மிடறை விழுங்காமல் வாயிலேயே வைத்துக்கொண்டு கண்ணை மூடினாள். கன்னம் உப்பியிருந்தது. பிறகு நிறுத்தாமல் குடித்தாள். மோவாயில் வழிந்ததை விரலால் வழித்து அதையும் நக்கினாள். ஒரு மனிதர் அவ்வளவு சந்தோஷப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தை அவளுக்குக் கொடுத்தது நான்தான். இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டால் நடந்தது முழுமையாகாது.

"அத்தான்கிட்டச் சொல்லாத," என்றேன். "அவரு பயந்துருவாரு. அஷ்வினிகிட்டயும் வேணாம்."

அது அக்காவுக்கு இன்னும் பிடித்துப்போயிற்று. சின்ன வயதில் தோட்டத்துக் கடையில் சீனி முட்டாய் வாங்கிக்கொண்டு அப்பாவுக்குத் தெரியாமல் பாயைப் போர்த்திக்கொண்டு தின்போம். அந்த மாதிரிச் சிரித்தாள். அத்தான் வரும் சத்தம் கேட்டால் குடித்து முடித்த கோம்பையைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவாள். நான் பிறகு எடுத்துக்கொண்டுபோய் வேலிக்கு வெளியே போடுவேன்.

சனிக்கிழமை ஒரு விடயம் நடந்தது. அதைச் சொல்லத் தேவையில்லை. ஆனாலும் சொல்கிறேன். குடித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திக் கேட்டாள்.

"ஒன்னு கேப்பேன், மறைக்காமச் சொல்லணும். கிட்னி குடுக்க ஒனக்கு இஷ்டமா? ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறானுங்க, ஒன்னய யாரும் கேட்ட மாதிரித் தெரியல. ஒனக்கு இஷ்டமில்லாட்டி சொல்லிரு. நான் ஒன்னும் நெனச்சிக்க மாட்டேன். சத்தியமா. எனக்கு மெஷின் இருக்கு, ஸுலைஹா மிஸ் இருக்கா, நீ பக்கத்துல இருக்க. இப்பத் தெம்பிலியும் இருக்கு."

"எனக்கு இஷ்டந்தான்க்கா," என்றேன்.

அவள் என் தலையில் கை வைத்தாள். "நீ எப்பவும் இப்பிடித்தான். கேட்டா இல்லைன்னு சொல்லத் தெரியாது ஒனக்கு," என்றாள். பிறகு மிச்சத்தையும் குடித்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானும் அஷ்வினியும் பூசைக்குப் போய், அங்கிருந்து கட்டுகஸ்தோட்டையில் ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போனார்கள். அக்கா காலையிலேயே கால் கனக்கிறது என்றாள். உதட்டில் எறும்பு ஊர்கிறது என்றாள். நான் கொண்டுவந்து கொடுத்ததைக் குடித்தாள். பகலுக்குப் பிறகு கட்டிலிலிருந்து எழும்ப முடியவில்லை. நெஞ்சில் கை வைத்து, "விட்டு விட்டு அடிக்குதுடி," என்றாள். "டொக்டருக்குச் சொல்லுவமா?"

"நாளைக்குத்தானே போறோம்," என்றேன். "படுங்கக்கா. சரியாப்போகும்."

அந்த நேரத்தில் கண்டிக்குப் போயிருந்தால் ஒரு ஊசி போட்டு மெஷினில் வைத்திருப்பார்கள். பிழைத்திருப்பாள். அடுத்த வீட்டு ரவிகுமாரின் த்ரீவீல் வாசலில்தான் நின்றது. ஜன்னல் வழியாக அவன் அதைக் கழுவுவது தெரிந்தது. தண்ணீரை வீணாக ஊற்றிக்கொண்டிருந்தான். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு நாடியைப் பார்த்தபடி இருந்தேன். அது மெதுவானது. பிறகு ஒழுங்கில்லாமல் ஆனது. அவள் தூங்குகிற மாதிரித்தான் இருந்தாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. நாக்கு ஈரமாக இருந்தது. எனக்கு அது நிம்மதியாக இருந்தது. நாடி இல்லை என்று நிச்சயமான பிறகு ரவிகுமாரைக் கூப்பிட்டேன். அவன் வேகமாகத்தான் ஓட்டினான். அவன் மேல் ஒரு பிழையும் இல்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் கட்டிப்பிடித்து அழுதார்கள். கிட்னி கொடுக்க இருந்த தங்கச்சி, கொடுத்துவைக்கவில்லை என்றார்கள். அத்தான் என் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "நீ குடுக்கத் தயாரா இருந்த. அது போதும்மா. ஆண்டவர் அத எடுத்துக்கிட்டாரு," என்றார்.

இவ்வளவையும் நான் சொல்லி முடித்தபோது றிஸ்வி ஐயா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.  கதவுக்கு வெளியே அஷ்வினி யாருக்கோ போனில், "சித்தி உள்ள இருக்காங்க, அவங்கதான் எல்லாம் பாக்கிறாங்க," என்று சொல்வது கேட்டது.

"நீங்க இப்ப மனசு கொழம்பிப் போயி ஈக்கிறீங்க," என்றார் அவர். "எத்தினயோ பேர இந்தக் கதிரையில நான் பாத்தீக்கிறேன். மவுத்தான வீட்டுல எல்லாரும் தன்னத்தானே குத்தம் சென்னிக்கொள்ளுற. நான் ஒண்டும் எழுதல்ல. தெரியாமக் குடுத்துட்டேன்டு ஒரு சொல்லு செல்லுங்க. அது போதும். மையத்த எடுத்துட்டுப் போங்க. அந்தப் புள்ளைக்கு உம்மாவும் இல்ல. நீங்களும் இல்லாட்டி?"

அவர் சொன்னதில் பிழை இல்லை. பரிசோதனையில் ஒன்றும் தெரியவராது. அக்காவின் இரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருந்தால் அது அவளுடைய வியாதி என்றுதான் யாரும் சொல்வார்கள். ஒரு சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். அத்தான் ஏற்பாடு செய்தபடி நாளைக்கு அடக்கம் நடக்கும். அஷ்வினிக்குச் சித்தி மிஞ்சுவாள். அந்தச் சொல்லை நான் மனதுக்குள் ஒருமுறை சொல்லியும் பார்த்தேன். தெரியாமல். தண்ணீரில் என்ன இருக்கிறது என்று பார்க்கிறவளுக்குத் தெரியாமல். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டால் என்ன நினைப்பார்கள் என்று யோசித்தேன். என்னை அவ்வளவு விளக்கமில்லாதவளாக ஒருவரும் நினைப்பதை நான் விரும்பவில்லை.

"இல்லை ஐயா," என்றேன். "அப்படிச் சொல்ல மாட்டேன். தெரிஞ்சுதான் குடுத்தேன்."

என் குரல் உயரவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த இல்லைங்கிற சொல்ல," என்றார் மெதுவாக, "இப்ப இவ்வளவு இலேசாச் செல்லுறீங்க. அன்டைக்கு அந்த டொக்டர்கிட்டச் செல்லியிருந்தா ஒங்கட அக்கா இப்ப வீட்டுல இருந்திருப்பாங்களே தங்கச்சி. ஏன் செல்லல்ல?"

அவருக்கு இன்னும் விளங்கவில்லை என்று தெரிந்தது. அக்காவை அவர் பார்த்ததில்லை, பழகியதில்லை.

"எப்படி ஐயா சொல்றது," என்றேன். "அக்கா மனசு நொந்திருப்பாங்க."